பஜ்ஜி சுட்ட எண்ணெய், கிளிஞ்சல் சுண்ணாம்பு, காதுக்குக் கேட்காத சத்தம்: மூன்றும் சேர்ந்தால் டீசல் வருமா?

மாமல்லபுரம் கடற்கரையில் மாலை நேரம் நடந்தால் மீன் வறுவல், மிளகாய் பஜ்ஜி, சிக்கன் பக்கோடா என்று வரிசையாக வாணலிகள். கோவளம் தொடங்கி கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹோட்டல், ரிசார்ட், தாபா என்று இன்னும் எத்தனையோ அடுப்புகள். ராத்திரி கடை அடைக்கும்போது அந்த வாணலிகளில் மிஞ்சும் கறுத்த எண்ணெய் எங்கே போகிறது?

சாக்கடைக்குப் போகலாம். மறுநாள் அதே வாணலிக்குத் திரும்பலாம், அல்லது இன்னும் மலிவாகச் சமைக்கிற வேறொரு கடைக்குக் கைமாறலாம். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அந்த எண்ணெயை பயோடீசல் ஆக்கி லாரியிலும் பஸ்ஸிலும் எரிக்கலாம்.

இந்த மூன்றாவது வழியைச் சுலபமாக்க உலகம் முழுக்க ஆய்வகங்கள் ஒரு விநோதமான கூட்டணியை முயன்று பார்க்கின்றன. ஒரு பக்கம் சுட்ட கிளிஞ்சல், முட்டை ஓடு, டோலமைட் பாறை. இன்னொரு பக்கம் மனிதக் காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட் ஒலி. இது நிஜமாகவே வேலை செய்யுமா? செய்தால் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு என்ன லாபம்?

எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன?

ஊற்றலாம், கொஞ்ச நாள் ஓடவும் ஓடும். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே அதைப் பிற்பாடு பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் சமையல் எண்ணெய் சாதாரண டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்பானது. இன்றைய எஞ்சின்களின் இன்ஜெக்டர், தலைமுடி போன்ற மெல்லிய துளை வழியாக எரிபொருளைப் பனிபோலத் தெளிக்க வேண்டும். பிசுபிசுப்பான எண்ணெய் அதில் சரியாகத் தெளியாது. அரைகுறையாக எரிந்து, கரி படிந்து, கடைசியில் அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று வால் கட்டிய பட்டம் மாதிரி. நடுவில் கிளிசரின், அதில் தொங்கும் மூன்று நீண்ட கொழுப்பு அமில வால்கள். மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் அது கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கிறது. இதோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்துச் சூடுபடுத்தினால் ஒவ்வொரு வாலும் கழன்று மெத்தனாலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கழன்ற வால்கள்தான் பயோடீசல். அடியில் தங்குவது கிளிசரின். தோராயக் கணக்கு இதுதான்: 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் வினை புரிந்தால் 100 கிலோ பயோடீசலும் 10, 11 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

சும்மா கலந்து வைத்தால் இது நடக்காது. ஒரு வினையூக்கி வேண்டும்.

காஸ்டிக் சோடாவில் என்ன தகராறு?

ஆலைகளில் வழக்கமாகப் போடுவது காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ். மெத்தனாலில் கரைத்து, 60 டிகிரி சூட்டில் எண்ணெயோடு கலக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். விலையும் மலிவு.

பிரச்சினை என்னவென்றால், எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு வரும். வீட்டில் சோப்பு காய்ச்சியவர்களுக்கு இது தெரியும். புது எண்ணெயில் அது கொஞ்சம்தான். பத்து முறை பஜ்ஜி சுட்ட எண்ணெயின் கதை வேறு. மாவிலிருந்தும் மீனிலிருந்தும் இறங்கிய தண்ணீரும், திரும்பத் திரும்பச் சூடேறிய வெப்பமும் எண்ணெயை உடைத்து, தனித்த கொழுப்பு அமிலங்களை உண்டாக்கி வைத்திருக்கும். அவை காஸ்டிக் சோடாவைப் பார்த்த உடனே சோப்பாகிவிடும். பாதி வினையூக்கி அதிலேயே காலி. மீதி, பயோடீசலும் கிளிசரினும் பிரியாமல் கொழகொழவென்று நிற்கும்.

அதோடு முடிவதில்லை. கரைந்துபோன காஸ்டிக்கை வெளியே எடுக்க, கிடைத்த எரிபொருளைத் தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். ஒரு லிட்டர் பயோடீசலைக் கழுவ ஒரு லிட்டர் தண்ணீர்கூடச் செலவாகலாம். கழுவிய தண்ணீரில் சோப்பு, மெத்தனால், காரம் எல்லாம் இருக்கும். அதைச் சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற ஒரு கரையில், எரிபொருளைக் கழுவ நல்ல தண்ணீரைக் கொட்டுவது லேசில் ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை.

இங்கேதான் கிளிஞ்சல் வருகிறது

காஸ்டிக் சோடா மாதிரி கரைந்துபோகாமல், மணல் மாதிரி திடமாகவே நின்று வேலை செய்கிற ஒரு வினையூக்கி இருந்தால்? வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். கழுவும் வேலை பெரிதும் குறையும்.

அந்தப் பொருள் இந்தக் கரைக்குப் புதிது இல்லை. கிளிஞ்சல், சிப்பி, முட்டை ஓடு, சுண்ணாம்புக்கல் எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். காளவாயில் போட்டு 800, 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பழைய மெட்ராஸ் கட்டடங்களில் பளிங்கு போல மின்னும் சுவர்ப்பூச்சு, வெள்ளைக்காரர்கள் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று பேர் வைத்து வியந்த பூச்சு, இப்படிச் சுட்ட கிளிஞ்சலிலிருந்து வந்ததுதான்.

அதே சுட்ட சுண்ணாம்பு ஒரு வலுவான காரம். எண்ணெயின் வாலைக் கழற்றும் வேலையை அதுவும் செய்யும். 2009-ல் சீனாவில் முட்டை ஓட்டையும், ஜப்பானில் சிப்பி ஓட்டையும் சுட்டு, சோயா எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுத்துக் காட்டினார்கள். 2010-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் முட்டை ஓடு, நத்தை ஓடு, கடல் மட்டி ஓடு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்தது நம்மூர் பஜ்ஜிக் கடைகளில் புழங்கும் அதே பாமாயில். இரண்டு மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பயோடீசலாக மாறியது. ஆனால் அது புது எண்ணெய், அடுப்பைப் பார்க்காத எண்ணெய் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு ஓடு தேவைப்படும்? எண்ணெயின் எடையில் 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு போடுவது வழக்கம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 30 முதல் 45 கிராம். ஒரு முட்டை ஓட்டைச் சுட்டால் சுமார் 3 கிராம் சுண்ணாம்பு தேறும். ஆக, ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பத்துப் பதினைந்து ஆம்லெட் போட்ட ஓடு போதும். அதையும் வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஒரு எச்சரிக்கை. இதற்காகக் கடற்கரையில் கிளிஞ்சல் அள்ளுவது புத்திசாலித்தனம் இல்லை. வெறும் ஓடும் கரையில் பல உயிர்களுக்கு வீடு. சில சங்கு, சிப்பி இனங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கின்றன. ஹோட்டல் குப்பையில் விழும் முட்டை ஓடும் மட்டி ஓடும் இருக்கும்போது கடலைத் தோண்டத் தேவையே இல்லை.

சரி, சத்தம் எதுக்கு?

சுட்ட சுண்ணாம்புக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. மெதுவாகத்தான் வேலை செய்யும்.

காரணம் புரிந்துகொள்ளச் சுலபம். எண்ணெயும் மெத்தனாலும் ஒன்றோடொன்று கலக்காது, ரசத்தின் மேலே மிதக்கும் தாளிப்பு எண்ணெய் மாதிரி. அதில் மூன்றாவதாக ஒரு பொடியையும் போட்டாயிற்று. எண்ணெய், மெத்தனால், சுண்ணாம்பு மூன்றும் ஒரே புள்ளியில் சந்தித்தால்தான் வினை நடக்கும். கரண்டி போட்டுக் கலக்கினால் சந்திக்கும், ஆனால் மணிக்கணக்கில் கலக்க வேண்டும். அதுவரை சூடும் குறையக்கூடாது.

இந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேலே போனால் அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் சென்டரில் பயன்படுவது நொடிக்குப் பல லட்சம் அதிர்வுகள் கொண்ட மென்மையான ஒலி. பயோடீசலுக்குத் தேவை அதைவிடத் தாழ்ந்த, ஆனால் முரட்டுத்தனமான ஒலி, 20,000 முதல் 40,000 அதிர்வுகள். மூக்குக் கண்ணாடிக் கடையிலும் நகைக் கடையிலும் ஒரு சின்னத் தொட்டியில் கண்ணாடியையோ கம்மலையோ போட்டு 'ஜ்ஜ்ஜ்' என்று அழுக்கெடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே வகை.

அந்த ஒலி திரவத்துக்குள் போகும்போது ஒரு கணம் இழுக்கும், மறுகணம் அமுக்கும். இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறக்கும். அமுக்கும்போது அவை உள்நோக்கி இடிந்து நொறுங்கும். நொறுங்கும் அந்த மைக்ரோ நொடியில் குமிழிக்குள் வெப்பம் சுமார் 5,000 டிகிரி வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் இடம் அவ்வளவு சின்னது, நேரம் அவ்வளவு குறைவு என்பதால் சட்டியில் உள்ள எண்ணெய் அதே சூட்டில்தான் இருக்கும்.

இந்தக் குமிழி முதலில் தலைவலியாகத்தான் அறிமுகமானது. கப்பல்களின் புரொப்பெல்லர் இரும்பை ஏதோ தின்றுகொண்டே இருந்தது. 1917-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் லார்ட் ரேலி கணக்குப் போட்டு, நொறுங்கும் குமிழிகள் எவ்வளவு பெரிய அழுத்தத்தை உண்டாக்கும் என்று காட்டினார். அன்று கப்பலைக் கடித்த அதே குமிழி இன்று எண்ணெயைக் கடைகிறது.

சுண்ணாம்புப் பொடிக்குப் பக்கத்தில் குமிழி நொறுங்கும்போது ஊசி போல ஒரு திரவப் பீச்சு பொடியின் மேல் அடிக்கும். பொடியில் ஒட்டிக்கொண்ட கிளிசரின் படலம் விலகும், புது மேற்பரப்பு வெளியே தெரியும். எண்ணெயும் மெத்தனாலும் பால் மாதிரி நுண்துளிகளாகக் கலந்துவிடும். சந்திப்பு நடக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆய்வக முடிவுகள் சொல்வது என்ன?

சமையல் எண்ணெய்க்கு அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தும் ஆய்வுகள் ஜப்பானில் 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. இந்தியாவில் மும்பையின் வேதித் தொழில்நுட்ப நிறுவனம் இதில் முன்னோடி. அங்கே 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, பயன்படுத்திய சமையல் எண்ணெயையே எடுத்துக்கொண்டது. காஸ்டிக் பொட்டாஷ் வினையூக்கியோடு, 45 டிகிரி சூட்டில், அல்ட்ராசவுண்ட் கொடுத்தபோது சுமார் 90 சதவீதம் மாறியது. வெறுமனே கலக்கியபோது 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

திட வினையூக்கியோடு ஒலியைச் சேர்த்தவர்களும் உண்டு. துருக்கியின் கெப்ஸே தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் சுட்ட டோலமைட்டை வைத்து இதைச் செய்தார்கள். டோலமைட் என்பது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த சுண்ணாம்புப் பாறை. நம்ம சேலம், திருநெல்வேலி பக்கம் கிடைப்பதுதான்.

90 சதவீதம் என்றதும் அசந்துவிட வேண்டாம். இந்தியாவில் பயோடீசலுக்கான தரம் ஐ.எஸ். 15607. எரிபொருளில் குறைந்தது 96.5 சதவீதம் எஸ்டர் இருக்க வேண்டும் என்கிறது அது. 90-க்கும் 96.5-க்கும் நடுவே இருப்பது பெரிய தூரம். அதை எட்ட இரண்டாவது முறை வினை செய்ய வேண்டியிருக்கும், அல்லது வாலை வடித்துப் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் செலவு.

ஆலைக்கு வந்தால் எங்கே இடறுகிறது?

முதல் எதிரி காற்று. சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சித் தானே நீறிப்போகும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றியவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்குக் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொண்டு மறுபடி கார்பனேட் ஆகிவிடும். கடலோர ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் சுட்டதை மூடி வைக்க வேண்டும், சீக்கிரம் பயன்படுத்த வேண்டும், வேகம் குறைந்தால் மறுபடி சுட வேண்டும். சுடுவதற்கு எரிபொருள் செலவு. 100 கிராம் ஓட்டைச் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். 'பசுமை' என்று எழுதும்போது இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இரண்டாவது, திடம் என்றாலும் முழுத் திடம் இல்லை. கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தனாலிலும் கிளிசரினிலும் கரையும். கழிவு எண்ணெயின் அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் சோப்பாகவும் மாறும். தரக் கட்டுப்பாடு இங்கேயும் கறார். ஒரு கிலோ பயோடீசலில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அப்படித் தாண்டினால் எஞ்சினில் சாம்பல் படியும். அதனால் ரொம்பக் கறுத்த எண்ணெய்க்கு முதலில் அமில வைத்தியம் செய்து, பிறகுதான் சுண்ணாம்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஒலியின் எல்லை. ஒலியைச் செலுத்தும் டைட்டானியத் தண்டின் நுனியிலிருந்து சில சென்டிமீட்டருக்குள்தான் அதன் வீரியம். ஒரு பீக்கரில் அது பிரமாதம், ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு மூலையில் முணுமுணுக்கும். எண்ணெயைச் சின்னக் குழாய் வழியாக ஓடவிட்டு, போகிற வழியில் ஒலி கொடுப்பது ஒரு தீர்வு. குமிழிகள் காலப்போக்கில் அந்தத் தண்டையே அரித்துவிடும், சுண்ணாம்புப் பொடியையும் மாவாக்கிவிடும். மாவான பொடியை வடிகட்டுவது கஷ்டம். மும்பை நிறுவனத்திலேயே, ஒலிக்குப் பதில் பம்ப் வைத்துத் துளையுள்ள தகடு வழியாகத் திரவத்தைப் பாய்ச்சிக் குமிழிகளை உண்டாக்கும் முறையையும் முயன்றார்கள். பெரிய அளவுக்கு அதுதான் தோதாக இருக்கலாம்.

வீட்டில் முயலாதீர்கள்

வீடியோ பார்த்து வீட்டிலேயே பயோடீசல் செய்கிற ஆசை பலருக்கு வருகிறது. வேண்டாம். மெத்தனாலின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வையும் உயிரும் போகும். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 2023 மே மாதம் மதுராந்தகம் பகுதியிலும் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணத்திலும் கள்ளச்சாராயம் என்று மெத்தனாலைக் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல். தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். ஊருக்கு ஊர் சின்னப் பயோடீசல் ஆலை என்று பேசும்போது, ஊருக்கு ஊர் மெத்தனால் டிரம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

உண்மையான முடிச்சு: எண்ணெய் யார் கையில்?

தொழில்நுட்பம் எவ்வளவு மேம்பட்டாலும், எண்ணெய் வந்து சேர்ந்தால்தானே ஆலை ஓடும். இந்தியாவின் பயோடீசல் கதை ஏற்கெனவே ஒருமுறை இதே இடத்தில் கவிழ்ந்தது. 2000-களில் காட்டாமணக்கு நட்டால் டீசல் காய்க்கும் என்றார்கள். 2009 கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலப்பு என்று இலக்கு வைத்தது. விளைச்சல் வரவில்லை. 2018 கொள்கை இலக்கை 2030-க்குள் 5 சதவீதம் என்று இறக்கியது. இப்போதைய கலப்பு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நாடு ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. அதில் 5 சதவீதம் என்றால் 500 கோடி லிட்டருக்கு மேல். பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து ஆண்டுக்கு 220 கோடி லிட்டர் வரை மீட்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கணக்கிட்டது. முழுசாகக் கிடைத்தாலும் பாதி இலக்குகூட நிரம்பாது. ஆனாலும் அந்த எண்ணெய் வாணலிக்குத் திரும்பாமல் இருப்பதே பெரிய லாபம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ல், அப்படிக் கழித்த எண்ணெயைப் பயோடீசலுக்கு அனுப்பும் 'ரூகோ' திட்டமும் தொடங்கியது.

விலைதான் சிக்கல். 2019-ல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் இப்படி வரும் பயோடீசலை முதல் ஆண்டு லிட்டருக்கு 51 ரூபாய், அடுத்து 52.70, பிறகு 54.50 என்று வாங்க முன்வந்தன. முதல் சரக்கு டெல்லியின் டிக்ரிகலான் முனையத்திலிருந்து கிளம்பியது 2021 மே மாதத்தில். அந்த விலைக்குள் மெத்தனால், மின்சாரம், சேகரிப்பு வண்டி, ஆள் கூலி எல்லாம் அடங்க வேண்டும். மிஞ்சுவதில்தான் கடைக்காரருக்கு எண்ணெய்க்கான காசு. மறுபக்கம், புதுப் பாமாயில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பழைய எண்ணெயில் புதிதைக் கொஞ்சம் ஊற்றி இன்னொரு நாள் ஓட்டுவதுதான் கடைக்காரருக்கு மிச்சம்.

சுண்ணாம்பும் ஒலியும் உதவக்கூடிய இடம் இந்தக் கணக்குத்தான். கழுவும் தண்ணீர், சூடு, நேரம் மூன்றும் குறைந்தால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகலாம். அந்தச் சில ரூபாய் வாணலிக்காரர் கைக்குப் போனால்தான் கறுத்த எண்ணெய் வாணலியை விட்டு இறங்கும்.

பெரிய ஹோட்டல்களில் இது ஓரளவு நடக்கும். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துகிற இடங்கள் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கடற்கரையில் தள்ளுவண்டியில் நாள் ஒன்றுக்கு மூன்று, நான்கு லிட்டரில் பஜ்ஜி போடுகிறவர் அந்தப் பதிவேட்டுக்குள் வரமாட்டார். அவரிடம் மிஞ்சும் அரை லிட்டரை எடுக்க வண்டியும் வராது. இருபது தள்ளுவண்டிக்கு ஒரு பொது டிரம் வைத்தால் தினம் பத்து லிட்டர் சேரும், மாதத்துக்கு 300. ஒரு சேகரிப்பு வண்டி ஒரு நடை வந்துபோக அது போதுமான அளவு.